ஒரெஸ்ட் விட்டுக்கொடுத்த தட்டுப்பவளம்

கடலை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒரெஸ்ட் நாட்டியுக், பனி ஊரான வின்னிபெக்கில் தன் வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடலை வைத்து வளர்த்துவந்தான். பார்க்க ஆசையில்லாமல் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும், ஊரே மெக்சிகோவுக்கும் கியூபாவுக்கும் விமானம் ஏறுகிற சமயத்தில், அவனும் மனைவி கிளெண்டாவும் பெட்டியை எடுத்து வெளியே வைப்பார்கள். "நாம போயிட்டா தொட்டியை யார் பார்த்துக்கிறது?" என்று ஒருத்தர் கேட்பார். இன்னொருத்தர் தலையாட்டுவார். பெட்டி திரும்பவும் நிலவறைக்குப் போய்விடும். கடல் இருந்ததால் கடலுக்குப் போக முடியாமல்போன குடும்பம் இந்த ஊரில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரெஸ்ட்டுக்குத் தொழில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ரிப்பேர். பனி கொட்டுகிற ராத்திரியில் ஃபர்னஸ் நின்றுபோனவர்களுக்குத்தான் அவன் அருமை தெரியும். நல்ல மனுஷன். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், அதற்குமேல் சொல்வதற்கு யாருக்கும் எதுவும் இருக்காது. அவனுடைய பெரிய குணம் விட்டுக்கொடுப்பது. இந்த ஊரில் எல்லோருமே விட்டுக்கொடுப்பவர்கள்தான், ஒரெஸ்ட் அதில் கரைகண்டவன். நாலு தெரு கூடும் இடத்தில் நாலு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றால், "நீங்க போங்க" என்று கையசைத்தபடி கடைசிவரை நிற்பது அவன் வேன்தான். பின்னால் நிற்பவன் வயிற்றெரிச்சலில் என்ன சொன்னாலும் இங்கே ஹாரன் அடிக்க மாட்டார்கள்.

விருந்துக்குப் போனால் தட்டில் மிஞ்சியிருக்கும் கடைசித் துண்டைத் தொட மாட்டான். "நீங்க எடுத்துக்கோங்க" என்பான். "ஐயோ, நீங்க எடுத்துக்கோங்க" என்பார்கள். "வேண்டவே வேண்டாம், வயிறு ரொம்பிடுச்சு" என்பான். "அட, உங்களுக்காகத்தானே வெச்சிருக்கு!" என்பார்கள். அதற்குப்பிறகு எடுத்துக்கொள்வான். இப்படி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே அவன் தின்று தீர்த்த கடைசித் துண்டுகளை வைத்து ஒரு கல்யாணப் பந்தியே பரிமாறியிருக்கலாம்.

தொட்டிக்கு வருவோம். அதில் பாறைமேல் ஒட்டிக்கொண்டு வளரும் பவளங்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் அந்த வீட்டில் பெயர் வைத்துக் கூப்பிடப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது தட்டுப்பவளம். எதிலும் ஒட்டாது. கல்லான அடிப்பாகம், மேலே ஆரஞ்சு நிறச் சதை, நடுவில் ஒரே ஒரு வாய். மணலில் சும்மா கிடக்கும். ஒரு ஜனவரி மாதம், வழியில் உறைந்துவிடாமல் இருக்கச் சூட்டுப் பொட்டலங்களோடு சேர்த்துச் சுற்றி, உள்ளங்கை அளவில் பார்சலில் வந்தது. சமையலறை மேஜையில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார்கள். தண்ணீர் குடித்து அது உப்பிய அழகைப் பார்த்த கிளெண்டா, "அப்படியே பெரோகி மாதிரி இருக்கு!" என்றாள். உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடித்து வேகவைப்பார்களே, நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை, அந்தப் பெரோகி. அதுவே பெயராகிவிட்டது.

முதல் வாரமே ஒரெஸ்ட் அதை எடுத்துப் பாறை உச்சியில் வைத்தான். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும் என்பது அவன் கணக்கு. மறுநாள் அது மணலில் கிடந்தது. திரும்ப ஏற்றினான். திரும்ப இறங்கியது. நத்தை தள்ளிவிட்டது என்று நத்தைமேல் பழிபோட்டான். பசை போட்டு ஒட்டிவிடலாமா என்றுகூட யோசித்தான்.

"அது மணல்ல கிடக்கிற ஜாதி. தன்னால ஊதிக்கிட்டு நகர்ந்து எறங்குது. விடேன் அதை!" என்றாள் கிளெண்டா.

"உனக்கு எது சரின்னு தோணுதோ, அப்படியே செய்யலாம்," என்றான் ஒரெஸ்ட்.

அதோடு அவன் விட்டுவிட்டதாக நினைத்தால் அவனைத் தெரியாது என்று அர்த்தம். பாறையில் ஏற்றுவதைத்தான் விட்டான். காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் விளக்கின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பான். அவன் வேன் தெருமுனை திரும்பியதும் கிளெண்டா அதைக் குறைத்துவைப்பாள். தொட்டியில் அலை எழுப்பும் மோட்டாரை அவன் பவளத்தின் பக்கம் திருப்புவான், அவள் சுவரைப் பார்த்துத் திருப்புவாள். அவள் செய்வது அவனுக்குத் தெரியும், அவன் செய்வது அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்காக இது நடந்தது. ஒருநாள்கூட இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கிளெண்டாவுக்குப் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை. ஊரிலுள்ள அத்தனை பேரையும் வாயைத் திறக்கவைத்தவள், வீட்டுக்காரன் விஷயத்தில் மட்டும் தோற்றுப்போனாள்.

பெரோகி என்னவோ நன்றாகத்தான் வளர்ந்தது. சாயங்காலம் உறைந்த சின்ன இறாலைக் கரைத்து, குழாயில் எடுத்து மெல்ல அதன்மேல் விடுவார்கள். சதை முழுக்க அசைந்து இறாலை வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கு படப் பார்ப்பார்கள். அது சாப்பாட்டுத் தட்டளவு ஆனபோது, அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து செய்கிற காரியம் அது ஒன்றாகத்தான் மிஞ்சியிருந்தது.

இருவரும் பிரிவதென்று முடிவானது. அப்போதும் குரல் உயரவில்லை, கதவு அறையப்படவில்லை, அக்கம்பக்கத்துக்கு ஒரு சுவாரசியமும் கிடைக்கவில்லை. கிளெண்டா ஆஸ்போர்ன் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். போனவுடன் அங்கேயும் ஒரு சின்னத் தொட்டி வைத்தாள். சொத்தைப் பேசித் தீர்க்க லவெக் என்கிற அம்மாளிடம் போனார்கள். எத்தனையோ சண்டையைப் பார்த்த அந்த அம்மாளுக்கு இது புதுச் சண்டை. ஏரிக்கரைக் குடிலை "நீ எடுத்துக்கோ" என்றான் ஒரெஸ்ட். "ஐயோ, நீ எடுத்துக்கோ" என்றாள் கிளெண்டா. பனி தள்ளும் இயந்திரத்துக்கும் அதே கதை. ஃப்ரீசரில் கிடந்த மான் கறிக்கும் அதே கதை.

"ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எதையாவது வேணும்னு சொல்லுங்களேன்! எனக்கு வீட்டுக்குப் போகணும்," என்றார் லவெக்.

அப்போது பெரோகியின் பேச்சு வந்தது. யாரும் "நீ எடுத்துக்கோ" என்று சொல்லவில்லை. ஒரெஸ்ட் கூரையைப் பார்த்தான். கிளெண்டா கையுறையைச் சுருட்டினாள்.

தொட்டியில் மற்ற பவளங்களுக்குப் பிரச்சினையே இல்லை. கிளை கிளையாய் வளர்பவை. ஒடித்தால் இரண்டு, இன்னொருமுறை ஒடித்தால் நான்கு. பாதிப் பாதியாக எப்போதோ பங்கு போட்டாகிவிட்டது. பெரோகிக்கு ஒரே உடல், ஒரே வாய்.

"என்ன செய்யலாம்? அதை ரெண்டா வெட்டிடலாமா?" என்று சிரித்தார் லவெக். பாவம், இறுக்கத்தைக் குறைக்கப் பார்த்தார்.

"வெட்டலாம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

லவெக்கின் சிரிப்பு நின்றுபோனது. "நான் சும்மா சொன்னேம்மா!"

"இல்லைங்க, வெட்டலாம்," என்று கிளெண்டா பொறுமையாக விளக்கினாள். "வாய் நடுவில போற மாதிரி ரம்பத்தால அறுக்கணும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் வாய் இருந்தா, ரெண்டும் பிழைச்சுக்கும். அநேகமா."

"எங்க பவளம் வளர்க்கிற கிளப்ல பால்டர் வெட்டுவான். கை நல்ல கை," என்றான் ஒரெஸ்ட்.

லவெக் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அந்த 'அநேகமா' ஒரெஸ்ட்டின் தூக்கத்தைக் கெடுத்தது. வெட்டிய இடம் அழுகிப் பாதிப் பாதியாய்க் கரைந்துபோன தட்டுப்பவளங்களை அவன் கிளப்பில் பார்த்திருக்கிறான். வெட்டக்கூடாது. கொடுக்கவும் கூடாது. குடில் போனால் போகட்டும், மான் கறி போனால் போகட்டும், பெரோகி அவனுக்கு வேண்டும். வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. அந்த வார்த்தை அவனுக்குத் தொண்டைக்குமேல் ஏறாது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். சின்ன வயதில் சர்ச்சுக்குப் போய்க் கேட்ட கதை. ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் அடித்துக்கொள்ள, ராஜா வாளை எடுத்து வெட்டச் சொல்ல, பெற்றவள் "வேண்டாம், அவளுக்கே கொடுங்கள்" என்று கதற, ராஜா குழந்தையை அவள் கையிலேயே கொடுத்துவிடுவார். நமக்கும் தெரிந்த கதைதான். ஒரெஸ்ட்டுக்கு அதில் தெரிந்தது தாயின் பாசமல்ல, கடைசித் துண்டு எடுக்கிற வழி. ரம்பம் கிட்டே வரும்போது "நிறுத்து, கிளெண்டாவே எடுத்துக்கட்டும்" என்று சொல்ல வேண்டியது. கிளெண்டா உருகிப்போவாள். "இல்ல ஒரெஸ்ட், நீயே வெச்சுக்கோ" என்பாள். இன்னொருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வரவேண்டியது. ஃபர்னஸ் ரிப்பேருக்குப் போகிற வழியெல்லாம் வேனில் அதைச் சொல்லிப் பார்த்தான். குரல் எந்த இடத்தில் தழுதழுக்க வேண்டும் என்பதுகூடப் பாடமாகிவிட்டது.

பால்டர் குட்மன்சனின் காரேஜில் சனிக்கிழமை பவளம் வெட்டும் நாள். கிளப் ஆட்கள் காப்பிக் கோப்பையோடு சுற்றி நின்றார்கள். மேஜையில் கேக் துண்டுகள். தண்ணீர் சொட்டச் சொட்ட டைல்ஸ் வெட்டுகிற மாதிரியான ரம்பம் ஒரு ஓரத்தில் இரைந்தது. வாளியில் பெரோகி சுருங்கிக் கிடந்தது. பால்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு கையாலும் தூக்கினான்.

"பெரிய ஆளா இருக்கே! வாய் எங்கடா இருக்கு... ஆங், இங்க. சரி, ரெண்டு பேரும் நல்லாப் பார்த்துக்குங்க. அப்புறம் என் பாதி சின்னது, உன் பாதி பெருசுன்னு என்கிட்ட வரக்கூடாது. வெட்டட்டுமா?"

"வெட்டு," என்றாள் கிளெண்டா. அவள் முகம் வெளுத்திருந்தது.

"நிறுத்து!" என்றான் ஒரெஸ்ட்.

ரம்பம் நின்றது. ஒரெஸ்ட் ஒரு அடி முன்னால் வந்தான். "வெட்டாதே பால்டர். அது முழுசா இருக்கட்டும். எனக்கு இல்லேன்னாலும் பரவாயில்ல... கிளெண்டாவே எடுத்துக்கட்டும்." தழுதழுப்பு வரவேண்டிய இடத்தில் சரியாக வந்தது. பாடம் செய்ததைவிடவும் நன்றாகவே வந்தது. ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினாள். பால்டரே கண்ணாடியை நெற்றிக்குமேல் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

கிளெண்டா ஒரெஸ்ட்டைப் பார்த்தாள். நன்றாக, ஆற அமரப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "ரொம்ப நன்றி, ஒரெஸ்ட்."

பால்டரின் கையிலிருந்து பெரோகியை வாங்கி, வாளியில் விட்டு, மூடியைப் போட்டு அழுத்தினாள்.

ஒரெஸ்ட் அடுத்த வசனத்துக்குக் காத்துக்கொண்டு அப்படியே நின்றான். அடுத்த வசனம் வரவில்லை. இரண்டாவது வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவன், எதை வேண்டாம் என்று சொல்வான்?

"அப்ப ரம்பத்தைத் துடைச்சு வெச்சுடட்டுமா?" என்றான் பால்டர்.

அதோடு போயிற்றா? வெளியே பாதை முழுக்க வழுக்குப்பனி. "வாளி கனமா இருக்கு, ஒரெஸ்ட், கொஞ்சம் தூக்கிட்டுப் போய் அவ வண்டியில வெச்சுடேன்," என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னான். தூக்கிப்போய் வைத்தான். தண்ணீர் தளும்பாமல் வைத்தான். கதவை அவனே மூடினான். அவள் வண்டி தெருவில் திரும்புகிறவரை கையை வேறு ஆட்டினான்.

அன்றிலிருந்து ஒரெஸ்ட் கிளப்பில் தியாகி. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெண்கள் முறைவைத்து வேகவைத்த பாஸ்தாவும் பெரோகியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதிலும் பெரோகி! யாரோ பாறையில் ஒட்டும் பவளத் துண்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். பால்டர் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரெஸ்ட் அழுத அழுகை கூடிக்கொண்டே போனது, கடைசியில் முட்டிபோட்டுக் கெஞ்சினதாகவே ஆகிவிட்டது.

"எப்படிடா மனசு வந்துச்சு உனக்கு?" என்று கேட்பார்கள்.

"என்ன செய்யறது, அது நல்லா இருந்தாச் சரி," என்பான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இறாலைக் கரைப்பான். குழாயில் எடுத்தபிறகுதான், ஊட்டுவதற்கு ஆளில்லை என்று ஞாபகம் வரும். மணலில் வட்டமாய் ஒரு பள்ளம் இருந்தது. அதை நிரவிவிட அவனுக்குக் கை வரவில்லை. ஏமாந்துபோனோம் என்கிற எரிச்சல் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். துக்கத்தையாவது ஊருக்குக் காட்டலாம், எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கிளெண்டா கூப்பிடுவாள் என்று காத்திருந்தான். புதுத் தொட்டி, சின்னத் தொட்டி. ஏதாவது கோளாறு வராமலா போகும்? பெரோகிக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது, ஆனால் ஒரு ஃபோன் வருகிற அளவுக்குக் கொஞ்சம் சுருங்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டான். ஃபோன் வரவில்லை. கடைசியில் கடல் உப்பு ஒரு வாளி வாங்கிக்கொண்டு, "இந்தப் பக்கம் ஒரு ஃபர்னஸ் வேலை இருந்தது" என்று பொய் சொல்லி அவள் கதவைத் தட்டினான்.

"உள்ள வா," என்றாள் கிளெண்டா. "பூட்ஸைக் கழட்டிட்டு வா."

பெரோகி சுருங்கவில்லை. சின்னத் தொட்டியின் மணலில் பாதியை அடைத்துக்கொண்டு, அவன் வீட்டில் ஒருநாளும் உப்பாத அளவுக்கு உப்பிக் கிடந்தது. ஓரங்களில் ஊதா நிறம் ஏறியிருந்தது.

"என்ன பண்றே இதுக்கு?"

"ஒண்ணும் பண்றதில்ல. சாயங்காலம் இறால் போடுவேன். அவ்வளவுதான்."

ஒரெஸ்ட் தொட்டிமுன் முட்டிபோட்டான். ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது. "நீயும் அந்தக் கதையைக் கேட்டிருப்பே, கிளெண்டா. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போன குடும்பம்தானே. விட்டுக்கொடுக்கிறவகிட்டதான் ராஜா குழந்தையைக் குடுத்தார்."

"ராஜா எங்கே இருந்தார் அங்கே?" என்றாள். "பால்டர்தானே நின்னான்."

அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

"தெரியும். நீ வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. எத்தனை வருஷமாப் பார்க்கிறேன். இந்த ஒருதடவை நீ சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கிட்டா என்னன்னு தோணுச்சு." அவனுக்குப் பக்கத்தில் வந்து அவளும் தரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? நான் தனியாப் போய் இருக்கலாம்னு நினைக்கிறேன்னு சொன்னப்போ, 'உன் சந்தோஷம்தான் முக்கியம், நான் குறுக்க நிக்க மாட்டேன்'னியே. அதுவும் இந்த மாதிரி சொன்னதுதானா?"

ஒரெஸ்ட் தொட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த உப்பைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"சொல்லேன்."

"ஆமா."

"அடப்பாவி!" என்றாள் கிளெண்டா. அவள் கண் கலங்கிவிட்டது. "வாசல்ல பூட்ஸ் மாட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? போகாதேன்னு ஒரு வார்த்தை வரும்னு நின்னேன். நீ என்ன பண்ணினே? வெளிய போய் என் வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வெச்சே. கண்ணாடியில இருந்த பனியைக்கூடச் சுரண்டிட்டு வந்தே!"

"குளிருமேன்னு..."

"வேணும்னா வேணும்னு கேக்கணும், ஒரெஸ்ட். கேட்டிருந்தா பெரோகியையும் குடுத்திருப்பேன், நானும் போயிருக்க மாட்டேன்."

இந்த இடத்துக்கு ஒரெஸ்ட் பாடம் எதுவும் செய்திருக்கவில்லை. "வேணும்," என்றான்.

"எது? பெரோகியா?"

"இல்ல."

கிளெண்டா எழுந்துபோய், சட்டைக்கையை முழங்கைக்குமேல் சுருட்டிக்கொண்டு, ஒரு காலி வாளியோடு வந்தாள். தொட்டிக்குள் கையை விட்டு, பவளத்தின் ஓரத்தை விரலால் மெல்லத் தட்டினாள். உப்பியிருக்கும்போது தூக்கினால் சதை கிழிந்துவிடும், அதுவாகச் சுருங்கக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தாள். உள்ளே குடித்திருந்த தண்ணீரை வெளியே விட்டு அது மெதுவாகக் கல்லோடு கல்லாய் ஒட்டிச் சுருங்கியது. வாளியில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, பெரோகியை இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கி, அதற்குள் விட்டாள்.

"நான் அதைக் கேக்கல, கிளெண்டா."

"தெரியும். ஆனா நீ கேட்டது இப்ப என்கிட்ட இல்ல. ரொம்ப நாள் வெச்சிருந்தேன். இது இருக்கு," என்று மூடியை அழுத்தினாள். "எடுத்துட்டுப் போ."

அவன் எடுத்துக்கொண்டு போனான்.